கூவாத கடைக்கு இடமில்லை

சந்தையில் காய் விற்கிறவளுக்கு முதலில் வாய் வேண்டும், காயெல்லாம் அப்புறம்தான். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என் ஜாதிக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்று ஏற்றத்திலிருந்து விழுந்து என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுத்துவிட்டார். திருவரங்குளத்திலிருந்து தோட்டத்துக் கத்திரிக்காயையும் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நானே புதுக்கோட்டைச் சந்தைக்கு வந்தேன். முதல் வாரமே சந்தைக் குத்தகைக்காரர் சட்டம் சொன்னார்: "ஒரு எடத்துல சத்தமில்லேன்னா, சந்தை கலைஞ்சிருச்சுன்னு சனம் திரும்பிப் போயிருது. மூணு வாரம் பாப்பேன். கூவலேன்னா எடம் பூசணிக்காய்க்காரருக்கு."

கடைக்காரம்மா எங்கே?

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்தேன். விராலிமலைக்காரர் ஒருவர் வந்து, "யாரு கடை இது?" என்று மூன்று தரம் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்: "கடைக்காரங்க வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிருங்க."

இரவல் குரல்

பக்கத்தில் ஜெகதாப்பட்டினத்து ராவுத்தர் அண்ணன் கருவாடு விற்றார். "கூச்சப்படாதே தங்கச்சி, ஒனக்கும் சேத்து நானே கூவுறேன்" என்றார். பழக்க தோஷம், "நெத்திலிக் கத்திரிக்காயேய்!" என்றுதான் வந்தது. மறு வாரம் அதைக் கேட்டு ஒரு பெரியம்மா வந்து, ஒவ்வொரு காயாக எடுத்து மோந்து பார்த்தார். "காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்ல கருவாடு சேக்கிறதில்லை."

பிள்ளை கூவியது

அன்றைக்கே மத்தியானம், கொட்டகை வளைமரத்தில் கட்டியிருந்த தூளியில் பிள்ளை வீறிட்டாள். சந்தையே திரும்பியது. "புள்ளைய அழவிட்டுட்டு என்னடி யாவாரம்?" என்று திட்ட வந்தவர்கள், வந்த பாவத்துக்கு ஆளுக்கு அரை வீசை வாங்கிப் போனார்கள். குவியல் காலி. கடைசியாக வந்த அம்மா பைக்குள் காயைப் போட்டுக்கொண்டே விசாரித்தார்: "அடுத்த வாரமும் இதே நேரத்துக்குத்தான் அழுவாளா?"

மூன்றாவது வாரம்

பாவி மகள் அன்றைக்குப் பார்த்து அசந்து தூங்கினாள். காய் அப்படியே கிடந்தது. குத்தகைக்காரர் வந்துவிட்டார். பின்னாலேயே பூசணிக்காய்கள் திமுதிமுவென்று உருண்டு வந்தன. "எந்திரி ஆத்தா!" என்று அவர் போட்ட அதட்டலில் தூளி அசைந்தது. எனக்குக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"புள்ளை தூங்குது! எவனாச்சும் வாயத் தொறந்தீங்கன்னா பாத்துக்கங்க!"

மீன்காரர், வளையல்காரர், தராசுத் தட்டு, எல்லாம் கப்சிப். உருண்ட பூசணிக்காயை ராவுத்தர் அண்ணன் காலால் தடுத்து நிறுத்தினார். குத்தகைக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "எடம் ஒனக்குத்தான் ஆத்தா, அடுத்த வாரம் இதே தொண்டையில கத்திரிக்காயையும் சொல்லிரு."

இடம் எனக்கு நிலைத்தது உண்மைதான், ஆனால் சத்தம் அடங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் வாசல் வரை வந்த சனமெல்லாம், சந்தை கலைந்துவிட்டதென்று அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டது.