சாயாத வண்டி

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். பால்காரர் கேட்டார். ஆபீஸில் ஹெட் கிளார்க் கேட்டார். "எழுத விஷயம் தீர்ந்துபோச்சா?" என்று அவர் கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார் என்பது என் அபிப்பிராயம்.

விஷயம் தீரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது... அது பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு படுத்திருந்தது. பிழைக்குமா, பிழைக்காதா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவது?

காதரையும் எல்லப்பனையும் உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். இரண்டு பேரும் என் வயதுக்காரர்கள். காதருக்குத் தண்டையார்பேட்டை. ஒரு மீன் லாரிக்குச் சொந்தக்காரன். டிரைவரும் அவன்தான், கிளீனரும் அவன்தான். எல்லப்பனுக்குத் திருவொற்றியூர்க் குப்பம். எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் வீடு. காதரோடு போய் எண்ணூரில் மீன் ஏற்றி, பட்டணத்து மார்க்கெட்டில் இறக்குவது அவன் வேலை. நான் துறைமுகத்தில் காலை ஷிப்டு கிளார்க். பஸ் வரும்... வராமலும் இருக்கும். காதரின் லாரி மட்டும் தவறாது. ஆகவே மீனோடு மீனாக நானும் போவேன். பக்கத்து மேஜைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பழகிவிட்டது.

லாரி என்கிறேன், பெயருக்குத்தான் லாரி. ஒரு துரை ஓட்டித் தேய்த்த பழைய மோட்டார் கார் அது. பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் காதர் மரப்பெட்டி கட்டினான். பெட்டிக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சட்டம். மீன் கூடைகளைச் சட்டம் தொடுகிற வரை அடுக்குவார்கள். துரையும் துரைசாணியும் குலுங்காமல் போவதற்காகச் செய்த மெத்தென்ற ஸ்பிரிங்... அதன் தலையில் இவ்வளவு உயரப் பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் தெரியும். வண்டி இடது பக்கம் திரும்பினால் பெட்டி வலது பக்கம் சாயும். சாய்ந்துகொண்டே போகும். சரி, கதை முடிந்தது என்று நாம் நினைக்கிற சமயத்தில் நிமிரும்.

ராயபுரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ரோடு சடாரென்று இடது பக்கம் திரும்புகிற இடம் ஒன்று உண்டு. முதல் முறை அங்கே வண்டி சாய்ந்தபோது, பின்னால் நின்ற எல்லப்பன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேல் சட்டத்தில் கட்டியிருந்த கயிற்றை எட்டிப் பிடித்தான். இடது பக்கப் பலகையில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் வண்டிக்கு வெளியே தள்ளித் தொங்கினான். வண்டி நிமிர்ந்தது.

கட்டுமரத்தில் அப்படித்தானே செய்வார்கள்? காற்று பாயை ஒரு பக்கம் அழுத்தினால், ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கம் சாய்ந்து நிற்பார்கள். எல்லப்பன் கல்யாணம் ஆகிற வரை கடலில் இருந்தவன். அவன் உடம்புக்கு லாரியும் கட்டுமரமும் ஒன்றுதான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. கூட வரும் இரண்டு சுமைக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். திருப்பம் வந்தால் மூன்று பேரும் ஒன்றாகச் சாய்வார்கள். காதர் பிரேக் போடுவதையே விட்டுவிட்டான். "அவன் பின்னால கீறான். எனக்கு இன்னா பயம்?" என்பான். முன்சீட்டில் இடமில்லாத ஒரு நாள் நானும் பின்னால் நின்று தொங்கினேன். வேட்டி பறக்க, கண்ணாடி மூக்கில் நழுவ... என் மேலதிகாரி யாரும் அந்தப் பக்கம் வராதது என் அதிர்ஷ்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மங்கம்மாவுக்குச் சந்தோஷமாக இல்லை. எல்லப்பனின் மனைவி. ராயபுரத்துத் தெருக்களில் மீன் விற்கிறவள். ஒரு நாள் கூடையோடு அந்தத் திருப்பத்தில் நின்றவள், புருஷன் ரோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமே காதரிடம் வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"காதரண்ணே, இவர எதுக்குக் கடல்லேர்ந்து இட்டாந்தேன்? எங்கண்ணன் போன மாதிரி இவரும் போவக் கூடாதுன்னுதான? இப்போ நீ ரோட்டு மேலயே கடலக் கொண்டாந்து வெச்சிகினு கீறே."

அவளுடைய அண்ணன் ஒரு புயலில் கடலுக்குப் போனவன். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எல்லப்பன் சிரித்தான். "இத்தப் போயி பெருசாப் பேசிகினு கீறா. கயிறு கீது, கை கீது. இன்னா ஆயிடப் போவுது?"

"நீ கம்முனு இரு" என்றாள் அவள். "வண்டி சாயக் கூடாதுண்ணே. அது சாஞ்சாதான இவரு தொங்குவாரு?"

காதர் தலையை ஆட்டினான். "செரி தங்கச்சி. சாயாத மாதிரி பண்ணிடறேன். அல்லா மேல ஆணை" என்றான்.

பண்ணினான். அரைகுறையாகப் பண்ணவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டான். ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்து இறுக்கினார்கள். தேய்ந்துபோயிருந்த ஸ்பிரிங் பின்களை மாற்றினார்கள். பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை உருவிவிட்டுப் பெட்டியைத் தாழ இறக்கினார்கள். மேலே பாரம் இருந்தால்தானே சாய்வு? மேல் சட்டத்தையும் அறுத்து எறிந்தார்கள். ரம்பம் பிடித்து அறுத்தவன் எல்லப்பனேதான். இனிமேல் கூடைகளை உயரமாக அடுக்குவதில்லை, அகலமாகப் பரப்புவது என்று முடிவு செய்தார்கள்.

பரீட்சையும் நடந்தது. மங்கம்மாதான் பரீட்சகர். வண்டியின் பின்னால் தளும்பத் தளும்ப ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். காதர் வழக்கமான வேகத்தில் அந்தத் திருப்பத்தைச் சுற்றிவந்தான். நானும் எல்லப்பனும் ஓரமாக நின்று பார்த்தோம். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. குடத்தின் கழுத்து கொஞ்சம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். மங்கம்மா இறங்கி, அந்தக் குடத்துத் தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"இனிமே நிம்மதியாத் தூங்குவேண்ணே" என்றாள்.

காதருக்கு முகம் எல்லாம் பல். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை. மீன் ஏற்றி வந்தார்கள். நான் திருவொற்றியூரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் எல்லப்பனும் சுமைக்காரர்களும் நின்றிருந்தார்கள். எல்லப்பன் குனிந்து, "ரைட்டரே, இன்னிக்கு நாங்க தொரை மாதிரி வர்றோம்" என்றான். அந்தப் பக்கத்தில் கிளார்க்குகளை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ராயபுரம் திருப்பம் வந்தது. வண்டி சாயவில்லை. பெட்டியும் கூடைகளும் நேராக நின்றன. காதர் என் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா ரைட்டரே? சொன்ன மாதிரி பண்ணிட்டேன் பாரு..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் ஒரு சத்தம்.

எல்லப்பன் ரோட்டோரக் கல்லில் தலை மோதிக் கிடந்தான். என்ன நடந்தது என்று சுமைக்காரர்களில் ஒருவன் பிறகு என்னிடம் சொன்னான். "வளைவு வந்திச்சி. அவன் கை மேல போச்சி ரைட்டரே. கயிறு இல்லேன்னு அவனுக்குத் தெரியும். சட்டத்த அறுத்ததே அவன்தான். ஆனா கை போச்சி. கையி கயித்தத் தேடிச்சி, ஒடம்பு வெளிய போயிடிச்சி." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் சாஞ்சேன். பலகை கையில மாட்டிச்சி, பொழச்சேன்" என்றான்.

அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் எலெக்ட்ரிக் லைட் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சுவரில் ஸ்விட்ச் இருப்பது எனக்குத் தெரியாதா? பொழுது சாய்ந்தால் என் கை இன்னும் மாடத்தில் நெருப்புப் பெட்டியைத் தேடுகிறது. என் சம்சாரம் சிரிப்பாள். எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புத்திக்கு ஒரு தடவை சொன்னால் போதும். கைக்கும் காலுக்கும் யார் போய்ச் சொல்வது? ஸ்பிரிங், பின், சட்டம், கூடை என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். குடத்தை வைத்துக்கூடப் பார்த்தார்கள். ஆட்களைப் பின்னால் நிற்க வைத்து, "சும்மா நின்று பழகுங்கள்" என்று இரண்டு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது தோன்றுகிற விஷயமா, சொல்லுங்கள்?

ஆஸ்பத்திரியில் எல்லப்பனுக்கு நினைவு வரும், போகும். மங்கம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருப்பாள். காதர் வார்டுக்குள் வரமாட்டான். வாசல் வேப்பமரத்தடியிலேயே நிற்பான். ஒரு சாயங்காலம் எல்லப்பனே கேட்டான், காதர் எங்கே என்று. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

எல்லப்பன் அவனை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"வண்டி சாஞ்சிச்சா நைனா?"

காதர் கட்டிலருகே குனிந்தான். "இல்ல."

"துளி கூட?"

"துளி கூட இல்ல எல்லப்பா."

"நல்லாப் பண்ணிக்கீறே" என்றான் எல்லப்பன். கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

நான் ஆபீஸில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் காதர் ஒரு குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். மங்கம்மா வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். குதிரை வண்டியைப் பார்த்தாள்.

"உன் வண்டி எங்கண்ணே?"

"அது வேணாம் தங்கச்சி. அந்தச் சனியன இனிமே நான் தொடமாட்டேன். ஒடைச்சி வெறகாக்கிடப் போறேன்."

"இதுல இவர மடக்கித்தான் படுக்க வெக்கணும்" என்றாள் மங்கம்மா. "உன் வண்டின்னா நீட்டிப் படுக்கலாம். போயி எடுத்துகினு வா."

காதர் அசையவில்லை. "எம் மேல கோவம் இல்லியா ஒனக்கு?"

"கீது. எம் மேலயும் கீது. நான்தான கேட்டேன், சாயக் கூடாதுன்னு?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்த அப்பாலப் பாத்துக்கலாம். மொதல்ல இவர வூட்டுக்கு இட்டுகினு போவணும். நீதான் ஓட்டணும். வேற ஆளு ஓட்டினா குலுக்குவான்."

எனக்கு அந்த இடத்தில் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நான் முயலவில்லை.

காதர் தண்டையார்பேட்டை போய் லாரியைக் கொண்டுவந்தான். பெட்டியைக் கழுவி, புதுப் பாய் விரித்திருந்தான். எல்லப்பனை நீட்டிப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் மங்கம்மா உட்கார்ந்தாள். சுமைக்காரர்கள் இரண்டு பேர், குப்பத்திலிருந்து வந்த நாலைந்து ஆட்கள், நான்... இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காதர் மாட்டுவண்டி போகிற வேகத்தில் ஓட்டினான். ரோட்டில் போனவர்கள் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

ராயபுரம் திருப்பம் வந்தது. காலையில் போகும்போது அது இடது பக்கம். வீட்டுக்குத் திரும்பும்போது வலது பக்கம். வண்டி அலுங்காமல் திரும்பியது. எல்லப்பனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி முடிச்சுகூட ஆடவில்லை.

பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் வலது பக்கம் சாய்ந்தோம்.