கரண்ட் போன நேரத்தில் பதிந்த குரல்

கலாமணி அக்கா இறந்துபோன செய்தியை எனக்குப் படித்துச் சொன்னது கலாமணி அக்காதான்.

காலையில் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். பார்வையற்றவர்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய வீட்டுக்காரர் ஒரு வரி போட்டிருந்தார். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். கைபேசியில் வருவதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவது அக்கா எழுதிய மென்பொருள். அதில் பேசுவது அக்காவின் சொந்தக் குரல். கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று எந்தத் தொனியில் சொல்லுமோ அதே தொனியில், "கலாமணி இன்று அதிகாலை நெஞ்சுவலியால் காலமானார்" என்றது. நம்பாமல் விரலை மறுபடி வைத்தேன். மறுபடியும் சொன்னது. கைபேசியைப் படுக்கையில் போட்டுவிட்டு அழுதேன். குழுவில் உள்ள உங்களில் பலருக்கும் செய்தி அப்படித்தான் வந்திருக்கும்.

எனக்கு அவர் அறிமுகமானது திருச்செங்கோட்டுப் பஸ்ஸில். பழைய மென்பொருள் ஒன்றில் செய்தித்தாள் கேட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் குரல், "ஏனுங்க, இதையத்தான் தெனமும் கேக்கறீங்களா? காது வலிக்கலீங்களா?" என்றது. வேறு வழியில்லை, நல்ல குரல் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றேன். பெங்களூரில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்து, கல்யாணமாகி குமாரபாளையம் வந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. இறங்கும்போது என் எண்ணை வாங்கிக்கொண்டார். வாங்குகிற எல்லாரும் அழைத்துவிடுகிறார்களா என்ன என்று நினைத்தேன். அவர் அழைத்தார்.

மென்பொருளைத் தானே எழுதினார். குரல் கொடுக்க ஆள் வைக்கக் காசில்லை என்பதால் அதில் தானே பேசினார். ஆனால் அவர் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் விசைத்தறிப் பட்டறைகள். பகலும் இரவும் ஓட்டம். கரண்ட் போனால்தான் தெரு ஓயும். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, அக்கா மட்டும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த மென்பொருளின் மொத்தக் குரலும் அப்படி மின்வெட்டுகளில் பதிந்ததுதான். 'நாளை' என்ற சொல்லைப் பதியும்போது கரண்ட் வந்துவிட்டது. சொல்லின் வாலில் ஒரு தறி அடி ஒட்டிக்கொண்டது. திருத்திவிடுகிறேன் என்றார். குழுவில் ஒருவரும் விடவில்லை, அது எங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

தறிச் சத்தம் வேண்டாமென்று ஒருமுறை ஜேடர்பாளையத்தில் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனார். சாயங்காலமே திரும்பிவிட்டார். "ஒரே மயிலு, சாமி! நான் வாயத் தொறந்தா அதும் தொறக்குது. அது ஓஞ்சா மோட்டாரப் போடறாங்க. எங்க தெருத் தறியே தேவலை" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துப் பட்டறைகளில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். சிரிப்பு நின்றது. "கூலிக்கு ஓட்டறவிய சாமி. தறி நின்னா அவியளுக்கு நெய்யற மீட்டரு கொறையும், கூலி போச்சு. நாம சும்மா குடுக்கற சாமானுக்கு அவிய கூலிய எப்படிக் கேக்கறது?"

சும்மா கொடுக்கிற சாமான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். நடத்துவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் முடிந்ததைத் தர வேண்டும் என்று தளத்தில் ஒரு நன்கொடைப் பொத்தான் வைத்தார். "இலவசம்னுதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்குக் காசு?" என்று ஒருவர் குழுவில் சண்டைக்கு வந்தார். அக்கா குரல் செய்தியில் பதில் போட்டார்: "கல்யாணத்துல சாப்பாடு சும்மாதானுங்க. அதுக்காக மொய் வெக்காமயா வர்றீங்க?" சண்டை அதோடு முடிந்தது. சேலம் ஜங்ஷனில் ஊதுபத்தி விற்கும் நம் நண்பர் மாதாமாதம் தவறாமல் அனுப்புவார். பாவம், அவரிடம் வாங்க வேண்டுமா என்றேன். "திருப்பி அனுப்புனா அவர வேத்தாளு ஆக்குன மாதிரி ஆயிரும்" என்றார்.

பிறகு கைபேசிகள் மாறின. கைபேசி இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் பழைய குரல் ஓடாது என்று தெரிந்ததும், புதிய முறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டியதாயிற்று. மலைபோல வாக்கியங்கள். ஈரோட்டில் ஒலிப்பதிவுக்கூடம் வாடகைக்குக் கிடைத்தது. அந்த வாடகைக்காக இணையத்தில் தமிழர்கள் கூடும் இடமெல்லாம் போய்க் கேட்டோம். நான் எழுதினேன், அக்கா பேசினார். அருமை, பெருமை, கண்ணீர் வருகிறது என்றார்கள். கைகூப்பினார்கள், இதயம் போட்டார்கள். பகிர்ந்தவர்கள் ஏராளம். "லைக்க வாங்கிட்டுக் கூடத்தத் தொறந்து உடுவாங்களா சாமி?" என்று கேட்டார் அக்கா. அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. வந்த பணம் சர்வர் வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது. அக்கா மறுபடியும் மின்வெட்டுக்குக் காத்திருக்கத் தொடங்கினார். இந்த வருஷம் பார்த்துக் கரண்ட் அவ்வளவாகப் போகவில்லை. பாதிகூடப் பதியாமல் நின்றுவிட்டது.

செய்தி வந்த அன்று சக ஆசிரியர் ஒருவர் வண்டியில் என்னைக் குமாரபாளையம் கூட்டிப்போனார். அக்கா வீட்டை நான் எப்போதும் தறிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். வண்டியை நிறுத்தி "வந்துட்டோம்" என்றதும், தெரு மாறி வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவ்வளவு அமைதி. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனால் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்தது. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை தறி ஓட்டுவதில்லை என்று யாரோ சொன்னார்கள்.

பக்கத்துப் பட்டறைக்காரர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "கரண்ட் போனா அம்மிணி கதவச் சாத்திக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டே இருக்குமுங்க. போன்ல பேசுதுன்னு நெனச்சுக்குவோம்" என்றார். நான் விஷயத்தைச் சொல்லி, கைபேசியில் குரலைப் போட்டும் காட்டினேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சாப்பாட்டு நேரத்துல எல்லாப் பட்டறையும் நிறுத்தியிருப்பமுங்களே. சொல்லவே இல்லீங்களே" என்றார். "இப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்றேனுங்க."

உலகம் முழுக்கக் கையேந்தினோம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. வருஷக்கணக்காக அக்கா ஏங்கிய அமைதி, கரண்டோடு சேர்ந்து, அந்தத் தெரு முழுக்கக் கிடந்தது. பேச வேண்டியவர் ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார்.

மீதி வாக்கியங்களை யார் பேசுவது, மென்பொருளை யார் எடுத்து எழுதுவது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து வாருங்கள். இதயம் மட்டும் போடாதீர்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது இந்தப் பழைய கைபேசியும் அதில் உள்ள குரலும்தான். அதற்கும் ஆபத்து வந்தாயிற்று. தினமும் காலையில் அவரே என்னிடம் கேட்கிறார்: "கைபேசியின் புதிய பதிப்பு தயார். இப்போது நிறுவவா, நாளை நினைவூட்டவா?" 'நாளை' என்னும்போது பின்னால் தறி ஒருமுறை அடிக்கிறது. நான் நாளையைத் தொடுகிறேன்.