சிவப்புத் திட்டில் அண்ணன் வீடு

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்களில், மதுரையில் மேப் தயாரிக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை விமானத்திலிருந்து இரண்டு முறை, சில வருட இடைவெளியில், படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படங்களை வைத்துத் தரையின் மேடு பள்ளத்தைக் கம்ப்யூட்டரில் அச்சு அசலான மாதிரியாக உருவாக்கி, பழைய மாதிரியையும் புதியதையும் ஒப்பிடுவதுதான் என் வேலை. தரை தாழ்ந்திருந்தால் நீலம், உயர்ந்திருந்தால் சிவப்பு. மணல் அள்ளிய ஆறு நெடுக நீலமாகக் கிடக்கும். பார்த்துப் பார்த்து எனக்கு மரத்துப்போயிருந்தது.

ஒரு நாள் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. பழைய மாதிரியில் அங்கே ஓர் ஓடை, மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோகிற ஓடை, தெளிவாகத் தெரிந்தது. புதியதில் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, ரோடு போட்டு, மனை பிரித்திருந்தார்கள். மேலேயும் கீழேயும் ஓடை அப்படியே இருந்தது, நடுவில் மட்டும் காணோம். எந்த இடம் என்று பிடிபட்டதும் பெரிதாக்கி இன்னொரு முறை சரிபார்த்தேன். என் அண்ணன் மனை வாங்கியிருந்தது அங்கேதான். மறுவாரம் வாஸ்து பூஜை.

படத்தை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மேலதிகாரியிடம் சொன்னேன். "ரிப்போர்ட்ல சேத்துருவோம்மா" என்றார். சேர்த்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கினவர்கள் அதை எந்த பீரோவில் வைத்துப் பூட்டினார்களோ.

படம் இல்லாமல், வெறும் வாய்ச்சொல்லோடுதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்றெல்லாம் அவன் ஊரெல்லாம் விசாரித்திருந்தான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

"அண்ணே, அது ஓடைண்ணே. பெரிய மழ பெஞ்சா தண்ணி அந்த வழியாத்தான் வரும். அங்க வீடு கட்ட வேணாம்ணே."

அண்ணியின் முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல ஒனக்கு நல்ல வார்த்தையே வராதா?"

"எம்புட்டு அலஞ்சு வாங்குன எடம் தெரியுமா?" என்றான் அண்ணன். "கம்ப்யூட்டர்ல பொம்மையப் பாத்துட்டு வந்து சொல்றே. வயித்தெரிச்சல்னா நேரா சொல்லிரு."

நான் அப்போது வாடகை வீட்டில் இருந்தேன். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கத்தில் உடன்பிறந்தவளின் உரிமை. அண்ணி என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை, அவள் தங்கையைக் கூப்பிட்டாள். மனை விற்றவரை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். நான் பந்தியில் பரிமாறிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. பழைய மாதிரியில் நான் பார்த்த அதே வழியாகத் தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் கொட்டிய மண் இறங்கி, சுவர் விண்டு, வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனது.

தண்ணீர் வடிந்ததுமே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். அண்ணன் வாசலிலேயே மறித்தான்.

"ஒன் கரிநாக்கு பலிச்சிருச்சுல்ல? இப்பச் சந்தோசமா? போ."

தூக்கை வாங்கவில்லை. ஓடையில் மண்ணைக் கொட்டி மனை விற்றவரை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஆள் அப்போது வேறொரு இடத்தில் மனை விற்க நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

பிறகு அழகர்கோவிலில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்திரிகை வைக்கப் போனபோது அண்ணன், குடிபோயிருந்த வாடகை வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு நல்ல நேரம் முடியப்போகிற மட்டும் மலையடிவாரத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம்.

என் கணக்கு சரியாக இருந்தது என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். ஆனால் இன்றும் மழை வலுக்கும்போதெல்லாம், அந்தக் கணக்கு தப்பாகப் போயிருந்தால் எனக்கு ஓர் அண்ணனாவது மிஞ்சியிருப்பானே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.