நாலாம் அத்தியாயத்தில் ஒரு வரி

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் உட்கார்ந்துகொண்டு, எம்.பி.ஏ. படிக்காமலே எம்.பி.ஏ. பையன்களுக்கெல்லாம் ப்ராஜெக்ட் போட்டுக் கொடுத்தவன் சதாசிவம். பத்தாவதில் கணக்குப் பாடம் அவனை இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவை அவன் போகவே இல்லை. டைப்ரைட்டிங்கில் மட்டும் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். "விரலுக்கு இங்கிலீஷ் வந்துடுச்சி, மண்டைக்குத்தான் வரல" என்பாள் அவன் பெண்டாட்டி வேண்டா. டைப்பிங் கடைக்கு அவள் பெயரைத்தான் வைத்திருந்தான், அதனால் அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தொண்ணூறுகளில் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக காலேஜ்கள் முளைத்தன. எல்லாவற்றிலும் இன்டர்நேஷனல் பிசினஸ் என்று ஒரு படிப்பு. கடைசி வருஷம் பிள்ளைகள் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குப் போய்ப் பார்த்து, நூறு பக்கம் ரிப்போர்ட் எழுதி, பைண்டிங் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் வந்தால் சதாசிவத்துக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் கூடுவாஞ்சேரி ராகவன் ஒரு கட்டு காகிதத்தோடு வந்தான். மாமல்லபுரத்தில் சுபஹான் ஷெல் எக்ஸ்போர்ட்ஸ் என்று ஒரு கம்பெனி, சிப்பியைக் கோத்து வாசலில் தொங்கவிடுகிற திரை செய்து இத்தாலிக்கு அனுப்புகிறார்கள். முந்தின வருஷம் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருந்தான். எல்லாம் சரி, நாலாம் அத்தியாயம் மட்டும் காலி. தலைப்பு மட்டும் இருந்தது: உலகப் பொருளாதார மாற்றங்களும் இந்த நிறுவனமும்.

"இன்னாப்பா இது, ஒண்ணுமே இல்ல?"

"எதுனா போட்டு ரொப்பு அண்ணாத்த. நாளைக்கு சப்மிட் பண்ணணும்."

சதாசிவம் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தான். தாய்லாந்தில் பணம் சரிந்தது, இந்தோனேஷியாவில் சரிந்தது, கொரியாவில் சரிந்தது என்று எட்டொன்பது மாதமாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினான். கடைசியில் தன் சொந்த மூளையைப் போட்டு ஒரு வரி சேர்த்தான்: 'ஆசிய நாடுகளின் நாணயச் சரிவால் இந்த நிறுவனத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.' காரணம் தெளிவாகத்தான் இருந்தது. சரக்கு போவது இத்தாலிக்கு. இத்தாலி ஆசியாவிலேயே இல்லை.

ராகவன் பாஸ். சதாசிவம் அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனான். உலகத்தைப் பற்றி அவன் சொந்தமாக எழுதிய முதல் வரி அது.

அடுத்த வருஷம் இரண்டு பேர் வந்து அதே ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். பெயர், காலேஜ், வருஷம் மூன்றையும் மாற்றிக் கொடுத்தான். வருகிற ஒவ்வொருத்தனும் ஏற்றுமதியைக் கொஞ்சம் ஏற்றிப் போடச் சொன்னான். ஆறு வருஷத்தில் இருபத்தேழு பேர் கைமாறி, சுபஹான் ஷெல் எக்ஸ்போர்ட்ஸ் சதாசிவத்தின் ஃப்ளாப்பியில் இருபத்திரண்டு நாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியாக வளர்ந்துவிட்டது. நாலாம் அத்தியாயத்தின் கடைசி வரியை மட்டும் யாரும் தொடவில்லை. தொடவும் அவன் விடவில்லை.

இதற்கிடையில் அவனுக்கும் படிப்புப் பைத்தியம் பிடித்தது. காயலான் கடையில் வியாபாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் படித்தான். டாலர், பவுன், இறக்குமதி வரி என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். "உலக வங்கி வந்துட்டாரு, எழுந்து எடம் குடுங்கடா" என்பான் கூட்டாளி பரணிதரன். சதாசிவத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இரண்டாயிரத்து நாலு ஏப்ரலில் ஹம்னா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, இன்டர்நேஷனல் பிசினஸ்ல எதுனா ரெடியா கீதா?"

"கீது. வைவால கேட்டா சொல்றதுக்கு மொதல் ரெண்டு பக்கத்த மட்டும் படிச்சுக்கோ."

பிரிண்ட்டைக் கையில் வாங்கியவள் முதல் பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மா சிரிப்பு?"

"இருபத்திரண்டு நாடாண்ணா? எங்க அத்தா கேட்டா மயக்கம் போட்டு வுழுந்துடுவாரு. அப்துல் சுபஹான் எங்க அத்தாதான். கம்பெனிய மூடி ஆறு வருஷம் ஆவுது. இப்ப மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட வளையல் கட வெச்சுகினு கீறாரு."

"எப்பம்மா மூடுனீங்க?"

"தொண்ணூத்தெட்டுல. ஏப்ரல் மாசம், எனக்குப் பள்ளிக்கூடம் லீவு."

சதாசிவம் பிரிண்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அதே ஏப்ரலில்தான் அவன் அல்வா வாங்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை, சீசன் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினான். வேண்டா திட்டியது தெருமுனை வரைக்கும் கேட்டது. வளையல் கடையில் ஹம்னா ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சுபஹான் பாய் நல்ல மனுஷன், வந்த விஷயம் கேட்டுச் சிரித்தார்.

"ஏன் பாய் மூடுனீங்க?"

"முடிச்சு, அண்ணாத்த." கடைக்குள்ளே மோவாயால் காட்டினார். அங்கே அவர் மனைவி சம்சாத் பேகம் பாசிமணி பிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது பொம்பளைங்க கோத்தாங்க, மேற்பார்வ அவதான். ஒரு லோடுல ரெண்டு தெர அவுந்துபோச்சு. அதுக்கப்புறம் இத்தாலிக்காரன் ஆர்டர கேன்சல் பண்ணிட்டான். காரணமே சொல்லல. சொல்லாட்டி தெரியாதா?"

"ரெண்டாயிரம் தெரைல ரெண்டு" என்றார் சம்சாத் பேகம் தலை தூக்காமல். "ஆறு வருஷமா அதையே சொல்லிகினு கீறாரு. சோத்துல உப்பு கம்மின்னாக்கூட முடிச்சுதான்."

"அப்பறம் அவங்க சரக்க எங்க எடுத்தாங்க பாய்?"

"ஏஜென்ட் சொன்னான், இந்தோனேஷியாவுலன்னு. ஜாவாக்காரன் முடிச்சு நல்லா போடுவான் போல."

இந்தோனேஷியா என்றதும் சதாசிவத்தின் கை தானாக ஒரு வளையல் அட்டைப்பெட்டியை இழுத்தது. பேனாவை எடுத்தான்.

"பாய், இத பாருங்க. முன்ன ஒரு டாலருக்கு ரெண்டாயிரத்து சொச்சம் ருப்பியா. அவங்க ஊரு காசு அது. தொண்ணூத்தெட்டு ஜனவரில ஒரு டாலருக்குப் பத்தாயிரத்த தாண்டிடுச்சி. அங்க சிப்பி பொறுக்கறவனுக்கும் கோக்கறவளுக்கும் கூலி ருப்பியாலதான? வாங்கறவன் கையில டாலரு. அதே தெர அவனுக்கு கால் வெலைக்குக் கெடச்சிருக்கும். நீங்க தங்கத்துல முடிச்சு போட்டிருந்தாலும் அவன் அங்கதான் போயிருப்பான்."

ஒரு டூரிஸ்ட் வந்து மணிமாலைக்கு விலை கேட்டான், பதில் கிடைக்காமல் போய்விட்டான். சம்சாத் பேகம் எழுந்து உள்ளே போய் டீ கொண்டுவந்தார். சதாசிவத்துக்கு முதல் கிளாஸ், மகளுக்கு அடுத்தது. புருஷனுக்குக் கிளாஸே இல்லை.

"எனக்கு யாரு வந்து சொன்னாங்க?" என்றார் பாய், தரையைப் பார்த்து.

"நான்தான் சொல்லியிருக்கணும் பாய்" என்றான் சதாசிவம். "பேப்பர்ல படிச்சேன். படிச்சிட்டு, ஒங்களுக்குப் பாதிப்பே இல்லன்னு எழுதி வெச்சேன்."

ஹம்னா அந்த அட்டைப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, எனக்கு அந்த இருபத்திரண்டு நாடு வேணாம். ஏன் மூடுனோம்னு எழுதுறேன். நீங்க அடிச்சுக் குடுப்பீங்களா?"

அடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கம்பெனி செத்துவிட்டது என்று ஒரு ரிப்போர்ட் உள்ளே போனால், அந்த இருபத்தேழு ரிப்போர்ட்டின் சாயமும் வெளுத்துவிடும். ஏப்ரல் சீசன் அதோடு சரி. "ஒன் கடைக்கு நீயே பூட்டு போடுற" என்றாள் வேண்டா, வீட்டில் விஷயத்தைக் கேட்டு. வாஸ்தவம்தான். ஆனாலும் அந்த வரியை வைத்துக்கொண்டு இனி ஒரு ரிப்போர்ட் அடிக்க அவன் விரல் மடங்கவில்லை.

நாலாம் அத்தியாயத்துக்கு மட்டும் எட்டு நாள் எடுத்துக்கொண்டான். பழைய பத்திரிகைகளைத் தேடி மாதாமாத ருப்பியா விலையை எடுத்தான், ஹம்னா அத்தாவின் பழைய பில்களைப் பக்கத்தில் வைத்து எழுதினாள். கடைசி வரியை அவளே சொல்ல அவன் அடித்தான்: 'இந்த நிறுவனத்தை மூடியது ஆசிய நாணயச் சரிவு.'

வைவா அன்றைக்குக் காலேஜ் வராந்தாவில் மூன்று பேர் நின்றார்கள். சதாசிவம், சுபஹான் பாய், கையில் மடித்த பழைய சிப்பித் திரையோடு சம்சாத் பேகம். கதவு திறந்தே இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"போன வருஷம் இங்கயே ஒரு பையன் இந்தக் கம்பெனியைப் பத்தி சொன்னானே? இருபது நாட்டுக்கு அனுப்புறாங்கன்னு?"

"அது பொய் சார்" என்றாள் ஹம்னா. "ஓனர் வெளியில நிக்கிறாரு, வேணும்னா கேளுங்க."

அவர் எழுந்தே வந்துவிட்டார். "நீங்கதான் ஓனரா? எதனால மூடினீங்க?"

சுபஹான் பாய் தொண்டையைச் செருமினார். ஆறு வருஷப் பழக்கம், நாக்கு எங்கே போகுமோ என்று சதாசிவம் அவர் வாயையே பார்த்தான்.

"ருப்பியா சார்" என்றார் பாய்.

"முடிச்சு இல்ல" என்றார் பின்னாலிருந்து சம்சாத் பேகம்.

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. சதாசிவத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"டைப்பிஸ்ட் சார்."

"நாலாம் அத்தியாயத்துல அந்த விலையெல்லாம் தேடி எடுத்தது நீங்கதானா? நன்றியுரைல ஒங்க பேர் இருக்கு. என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது சார். ஃபெயிலு."

"பழைய ரிப்போர்ட்டெல்லாம் அடிச்சது யாரு?"

வைவாவுக்கு உள்ளே வரிசையில் இருந்த பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை பிழைத்துவிடும்.

"அதுவும் நான்தான் சார். அதுல நாலாம் அத்தியாயம் தப்பு."

"இனிமே அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி உள்ளே போனார். ஹம்னாவுக்கு நல்ல மார்க். கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வராதவனுக்கு வைவா கிடையாது என்று அடுத்த வாரமே நோட்டீஸ் ஒட்டினார்கள். சதாசிவத்தின் சீசன் முடிந்தது. கோர்ட் மனு, கல்யாண ஜாதகம், வீட்டு வாடகைப் பத்திரம் என்று கடை மெதுவாக ஓடியது. டீக்கடையில் உலக வங்கி பட்டம் மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள்.

"அண்ணாத்த, மூடுன கம்பெனி ப்ராஜெக்ட் ஒண்ணு கீதாமே? பேர மட்டும் மாத்திக் குடு."

சதாசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஃப்ளாப்பில இல்லடா. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட வளையல் கடைல கீது, போயி கேளு. பாய கேட்டா ருப்பியான்னு ஒரே வார்த்தைல அனுப்பிடுவாரு. அந்தம்மாவ கேளு. ஒக்கார வெச்சு, டீ குடுத்து, முழுசா சொல்லும்."