இரண்டு முனை பார்த்தால் போதும்

வசந்தாமணியைப் பற்றிச் சங்ககிரியில் யாரைக் கேட்டாலும் நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். என்னைக் கேட்டால் வயிற்றெரிச்சல்தான் முதலில் வரும். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? நான் அருணகிரி. அப்புசாமி அண்ணனின் லாரி செட்டில் பத்தொன்பது வருஷமாக லோடு மேஸ்திரி. எந்த வண்டியில் எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று நான் சொன்னால் சொன்னதுதான். அவள் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அவள் இடைப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளை, படித்தது போதும் என்று கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஏழு வருஷம் முன்பு எங்கள் செட்டின் எடைமேடையில் சீட்டு அடிக்க வந்தாள். வண்டி வராத நேரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைப்பாள். லாரி தூரத்தில் திரும்பும்போதே அதன் காலி எடையைச் சொல்லிவிடுவாள். திரையிலும் அதே எண் வரும். டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈஸ்வர் என்று ஒரு டிரைவர். முன்பெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைக் கிளப்பமாட்டான். இப்போது, "அக்கா பாத்துட்டாங்களாண்ணா?" என்கிறான். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

லாரியில் கனமான இயந்திரத்தை முன்னால் தள்ளத் தள்ள முன்சக்கரங்களின் மேல் பாரம் கூடும். பின்னால் தள்ளத் தள்ளக் குறையும். எங்கள் வண்டியில் முன்சக்கரங்களுக்கு ஏழு டன்தான் வரம்பு. ஒவ்வொரு சாணாக இயந்திரத்தை நகர்த்தி, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை பார்த்துக் குறித்துக்கொள்வது என் வழக்கம். கடப்பாரை போடும் ஆட்களுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

போன தை மாதம் ஒரு கல் உடைக்கும் இயந்திரத்தோடு நான் நாலாவது தடவை மேடைக்கு வந்தபோது, அவள் அறையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, எதுக்கு இத்தன தடவ? ஒரு சாண் பின்னால போனா நானூறு கிலோ குறையுது. அடுத்த சாணுக்கும் அதே நானூறுதானுங்க. நடுவுல ஏறி எறங்கறதே இல்ல. அப்பறம் அதிகம் ஒரு முனையில, கம்மி இன்னொரு முனையிலதான இருக்கும்? ரெண்டு முனை பாத்தாப் போதுமுங்க."

முன்முனையில் ஆறாயிரத்து நானூறு, பின்முனையில் மூவாயிரத்து இருநூறு. நடுவில் நாலாயிரத்து எண்ணூறு இருக்கும் என்று பார்க்காமலே சொன்னாள். ஒரு பத்து கிலோவாவது பிசகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே நடுவில் வைத்து நிறுத்தேன். பிசகவில்லை. பக்கத்தில் நின்ற அப்புசாமி அண்ணன் சிரித்துவிட்டார்.

"இத்தன வருசமா பாதிப் பகல முழுங்கிட்டு இருந்திருக்கயே அருணகிரி!"

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அடுத்த மாதமே அவர் நாமக்கல்லில் இரண்டாவது செட் போடுவதாகச் சொன்னார். இரண்டு இடத்துக்கும் லோடு பொறுப்பு ஒரே ஆளுக்கு, ஆள் யார் என்று ஆடிக்குள் சொல்வதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை கண்ணாடி அறைப் பக்கம் போய் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனியில் அதைவிடப் பெரிய இயந்திரம் ஒன்று வந்தது. அவளைக் கேட்காமல் அவள் வழியிலேயே செய்துகாட்ட வேண்டும் என்று வெறி எனக்கு. இரண்டு முனை மட்டும் பார்த்தேன். ஆனால் எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேபினை ஒட்டிய முன்பலகைக்கு ஆயுத பூஜையில் சந்தனம் வைப்போம். அதில் சரக்கு உரசக்கூடாது, ஒரு சாண் விட்டே வைக்க வேண்டும். அப்படி விட்டு வைத்ததில் முன்சக்கரங்களின் மேல் ஆறாயிரத்து எண்ணூறு காட்டியது. வரம்புக்கு உள்ளேதான். அங்கேயே வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டினேன்.

சீட்டு அடிக்கும் முன் அவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, முன்முனை அது இல்லீங்க. பலகையில ஒட்ட வெச்சுப் பாருங்க."

"சந்தனம் வெச்ச பலகைம்மா. அங்க நாங்க சரக்கு வெக்க மாட்டோம்."

"நாம வெக்க மாட்டோமுங்க. பிரேக்கு புடிச்சா அதுவே முன்னால போயிருமுங்களே? இது பெரிய மிசினு, அந்த ஒரு சாணுக்கு இன்னும் ஐநூறு ஏறுமுங்க."

ஏழாயிரத்து முந்நூறு. மனசு அந்தக் கூட்டலைப் போட்டுவிட்டது. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது. இயந்திரம் நகராமல் இடைவெளியில் ஒரு கட்டையை அடைப்பது ஐந்து நிமிஷ வேலை.

"சீட்ட அடிச்சுக் குடும்மா, வண்டி நிக்குது" என்றேன்.

குமாரபாளையம் தாண்டி ஈஸ்வர் ஒரு பஸ்ஸுக்காக பிரேக்கை அழுத்தியிருக்கிறான். சங்கிலியை மீறி இயந்திரம் நழுவிப் பலகையில் இடித்தது. முன்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்து, லாரி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. அவன் நெற்றியில் ஒன்பது தையல். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகுதான் என் கால் தரையில் பட்டது.

மறுநாள் அப்புசாமி அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இனிமே லோடு நீயே பாத்துக்கம்மா வசந்தாமணி. ரெண்டு செட்டும்" என்றார்.

"எனக்கு வேண்டாமுங்க. தப்புல எனக்கும் பங்கு இருக்குதுங்க, நான் அழுத்திச் சொல்லாம உட்டுட்டேன். அண்ணனே பாக்கட்டுமுங்க" என்றாள்.

அவள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறந்து அதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பொறுப்பு எனக்கு வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்கு வேண்டாம்னு சொன்ன? எனக்காகவா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "ஐயோ, இல்லீங்கண்ணா. நாமக்கல்லுக்கும் ஓடுனா ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போவ முடியாதுங்க. எரும என்னைத் தவர யாருக்கும் பால் உடாது."