கழுத்தில் பாரிஸ் வாசம்

காலையில் மகளைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிட ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் அடுத்த நொடியே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஐஸ்கிரீம் கடை தீப்பிடிச்ச மாதிரி இருக்குதுங்கப்பா. எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ரெண்டே அமுக்கு கண்ணு."

பொய். ஆறு அமுக்கு. சட்டைக்கு நாலு, கழுத்துக்கு ரெண்டு. இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கை நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு சென்ட் வாங்கிக் கொடுத்தாள். கறுப்பு பாட்டில், உள்ளங்கை அகலத்துக்குக் கனமான மூடி. மழையில் நனைந்த மரக்கடை மாதிரி வாசம். ஒருநாள் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஒருத்தர் திரும்பவில்லை. அதன் பெருமையே அதுதானாம், பக்கத்தில் வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியுமாம். என் வயதுக்கும் வழுக்கைக்கும் யார் அத்தனை பக்கத்தில் வரப்போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள். என்னுடைய சென்ட் அப்படியில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே அது வீட்டுக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு பிளேட் பிரியாணி விலைக்கு இரண்டு பாட்டில் கிடைக்கும் சரக்கு. ஆனால் மூன்று கட்டமாக வேலை செய்யும். அடித்தவுடன் வெனிலா. டீ டைமுக்குள் நன்றாகப் பழுத்த கதலிப்பழம். சாயங்காலம் வேர்வையோடு கலந்தபின் திருவிழா முடிந்த மறுநாள் மைதானத்தில் வீசுமே, பலூனும் பஞ்சுமிட்டாயும் மண்ணும் சேர்ந்த ஒரு வாசம், அது. பாட்டிலின் உருவம் நாலைந்து முறை மாறிவிட்டது. வாசம் மட்டும் மாறவில்லை. மனிதர்களில்கூட இப்படி ஒரு ஆளைக் காட்டுவது கஷ்டம்.

நான் இதற்கு வந்து சேர்ந்ததற்கு எங்கள் வீட்டு எருமைகள்தான் காரணம். நமக்கு ஊத்துக்குளி. விடிகாலையில் மூன்று எருமைகளைக் கறந்து வைத்துவிட்டு, அதே கையோடு குளித்து, பஸ் பிடித்து முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன். படிப்பை முடித்தேன் என்றும் சொல்ல முடியாது, முடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாத ஒரு நிலைமையில் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாவது நாள் அயர்ன் மாஸ்டர் என்னை மோந்து பார்த்துவிட்டு, "ஊத்துக்குளிங்களா? அதான் பாத்தேன்" என்றார். மத்தியானத்துக்குள் என் பெயர் 'வெண்ணெய்' ஆகிவிட்டது. வெண்ணெய்க்குப் பேர்போன எங்கள் ஊரில் அது பெருமை. ஊர் எல்லையைத் தாண்டினால் அது என்ன வசவு என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வாரக் கடைசியில் திருப்பூர் போய் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் நின்றேன். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து என் புறங்கையில் அடித்தார்.

"பாரிஸ் சரக்குங்க."

"மெட்ராஸ்ல இருக்குதே, அந்தப் பாரிஸுங்களா?"

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பாரிஸா இருந்தா என்னங்க? மணக்குதுங்களா, இல்லீங்களா?"

மணந்தது. திங்கட்கிழமை ஆறு அமுக்கு அடித்துக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தேன். செக்கிங் டேபிளைத் தாண்டித்தான் பேக்கிங்குக்குப் போக வேண்டும். அந்த டேபிளில் செல்வராணி அக்கா நின்றிருந்தார். கோவில்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளோடு பிழைக்க வந்தவர். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மூக்கு கண்ணைவிடக் கூர்மை. தலை நிறைய மல்லிகையும் நடுவில் கனகாம்பரமும் வைக்காமல் ஒருநாளும் வந்ததில்லை.

"யாருல அது, கல்யாண வீட்டுக் கேசரி அண்டாவுக்குள்ள விழுந்து எந்திச்சு வாரது?"

செக்ஷனே திரும்பியது. அன்றிலிருந்து நான் 'கேசரி'. வெண்ணெயிலிருந்து கேசரி. ஒரே வாரத்தில் இப்படியொரு பதவி உயர்வு அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

பேரோடு திறமையும் சேர்ந்துகொண்டது. பேக்கிங்கில் எல்லோரும் பீஸை டேபிளில் பரப்பி, நடுவில் ஒரு அட்டையை வைத்து நிதானமாக மடிப்பார்கள். எனக்கு அந்த நிதானம் ஆகாது. சட்டையின் கழுத்தைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொள்வேன். இரண்டு கையும் காலியாக இருக்கும். வலது கை ஒன்று, இடது கை ஒன்று, கீழே ஒன்று, முடிந்தது. அடுத்த பீஸ். பார்க்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு சட்டைக்கும் தலைவணங்கி வணக்கம் சொல்வது மாதிரி இருக்கும். முதலாளியே நின்று பார்த்துவிட்டு, "மிஷின் மாதிரி மடிக்கறயே கண்ணு" என்றார். அன்றைக்கு முழுக்க என் தாடை சற்று மேலேயே இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஆர்டர் வந்தது. கைக்குழந்தைகளுக்கான சட்டை. வெளிர் மஞ்சள், நெஞ்சில் ஒரு வாத்து. உள்ளங்கையில் வைத்தால் வாத்தும் சட்டையும் சேர்ந்து அடங்கிவிடும். இரவும் பகலும் ஓட்டி முடித்தோம். அட்டைப்பெட்டிகள் சுவர் உயரத்துக்கு ஏறின. சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பாக அதைச் சோதிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார்.

வழக்கமாக அவர் டேப்பை எடுத்து அளப்பார், பட்டனை இழுப்பார், தையலைப் பிரித்துப் பார்ப்பார். அன்றைக்கு முதல் பெட்டியைத் திறந்ததும் டேப்பைக் கீழே வைத்துவிட்டார். ஒரு சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். இன்னொன்று. வேறொரு பெட்டி. பிறகு பேப்பரில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: 'ஸ்மெல்'.

எங்கள் தொழிலில் ஓட்டைக்குக்கூடப் பேச்சுவார்த்தை உண்டு. கறைக்கு உண்டு, அளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் உண்டு. குழந்தைச் சட்டையில் வாசம் வந்தால் மட்டும் பேச்சே கிடையாது. குழந்தை அதை வாயில் வைக்கும். சரக்கு நின்றுவிட்டது.

முதலாளி வந்தார். செக்கிங்கை ஒட்டுமொத்தமாக வரிசையில் நிறுத்தினார். அவர் கண் நேராகச் செல்வராணி அக்காவின் தலையில் போய் நின்றது.

"ஏனுங்க, தலையில என்னங்க அது?"

"பூவு மொதலாளி."

"பூவு மணக்குமுங்களா, மணக்காதுங்களா?"

"மணக்கத்தானே செய்யும்."

"அப்பறமென்னங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க. கோவிச்சுக்காதீங்க. சோத்து டப்பாவ எடுத்துட்டுக் கெளம்புங்க."

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு நிறுத்துவதும் இத்தனை மரியாதையாகத்தான் நடக்கும்.

அக்கா பூவைக் கழற்றினார். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பூச்சரத்தைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. "பிள்ளைகள இப்பத்தான் இங்கன பள்ளிக்கூடத்துல சேத்துருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "பூவத்தானே மொதலாளி வச்சேன், குண்டா வச்சேன்?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் சட்டை. சும்மா முகர்ந்து பார்த்தேன். சட்டையின் கைப்பக்கம் வாசமில்லை, வாத்தில் வாசமில்லை. கழுத்தில் மட்டும் பழுத்த கதலிப்பழம்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் என் வேலை தப்பிக்கும், மிஷின் என்ற பெயரும் தப்பிக்கும். அக்கா வாசல் வரை போய்விட்டார்.

"மொதலாளி, அது நானுங்க."

செக்ஷனே சிரித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. தப்பு என்னுடையதுதான். போன வாரம்தான் டீயில் பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லி எல்லோரையும் டம்ளரைக் கவிழ்க்க வைத்திருந்தேன்.

"ஏப்பா கேசரி, இது வெளையாடற நேரமா?" என்றார் முதலாளி.

அக்காவே வாசலில் நின்று திரும்பி, "ஏலேய், நீ வேற எரிச்சலக் கெளப்பாத. பேசாம நில்லு" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னேன், அதற்கும் சிரிப்புதான் கிடைத்தது. சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. செக்கிங் டேபிளில் மடிக்காமல் கிடந்த ஒரு பீஸை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

முகர்ந்தார். "ஒண்ணுமில்ல."

அதையே வாங்கித் தாடைக்கடியில் இடுக்கினேன். வலது, இடது, கீழே. திரும்ப நீட்டினேன். "இப்பக் கழுத்துப் பக்கம் பாருங்க."

அவர் சட்டையின் கையை முகர்ந்தார், கழுத்தை முகர்ந்தார், மறுபடி கையை முகர்ந்தார். சட்டையை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு என்னருகே வந்து, மூக்கை என் கழுத்தருகே கொண்டுவந்து, ஒரு முறை இழுத்தார். அத்தனை பேர் பார்க்க ஒரு முதலாளி தன் தொழிலாளியின் கழுத்தை முகர்ந்தது அந்தத் தொழிற்பேட்டையில் அதற்கு முன்பும் நடந்திருக்காது, பின்பும் நடந்திருக்காது.

"செல்வராணி, நீங்க டேபிளுக்குப் போங்க" என்றார் முதலில். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க..." என்று ஆரம்பித்தார். 'கண்ணு' போய் 'நீங்க' வந்தபோதே என் சோற்று டப்பாவை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.

"நீங்க ஒட்டி வெச்சிருக்கற பொட்டி பூராத்தையும் தெறந்து, அத்தனை சட்டையிலயும் வாசம் இல்லாம பண்ணிக் குடுத்துட்டு, அப்பறம் எங்க வேணும்னாலும் போங்க."

சட்டைகளைக் காற்றாடப் போட மொட்டை மாடியில் கயிறு கட்டினோம். 'னோம்' என்பது மரியாதைக்காக அல்ல. ஒட்டுக்கா எல்லோரும் மாடியேறி வந்துவிட்டார்கள். முதல் ஆளாகக் கிளிப்புப் பையோடு வந்தவர் செல்வராணி அக்காதான். நான் ஒரு சட்டையை எடுக்கப் போனேன்.

"தொடாதல! கீழ போயி மொதல்ல குளிச்சிட்டு வா."

தண்ணீர்த் தொட்டியடியில் துணி சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, ஈரத்தோடு வந்தேன்.

"இன்னும் மணக்கு. அந்த மூலைக்குப் போ. ஏலேய், அந்த மூலை இல்ல! காத்து உன் மேல பட்டுல்லா இங்க வருது. எதுத்தாப்புல போயி நில்லு."

நாலு மூலைக்கும் என்னை நகர்த்தி, கடைசியில் காற்று போகிற பக்கத்தில், தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தேன். ஆடிக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து புறப்பட்டு வழியில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் வருகிற காற்று. கயிறு கயிறாக மஞ்சள் சட்டைகள் வயிறு உப்பிப் பறந்தன. அத்தனை வாத்துகளும் ஒரே திசையில் கிளம்பிப் போவது போல இருந்தது. ஒன்றரை நாள். மறுபடி இன்ஸ்பெக்டர் வந்தார், முகர்ந்தார், கையெழுத்துப் போட்டார்.

என்னை அனுப்பவில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலைக்கு, துணியே தொட முடியாத இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே நான் இன்னும் ஆறு அமுக்கு அடித்துக்கொண்டுதான் போனேன். அட்டைப்பெட்டிக்கு மூக்கில்லை.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை செக்ஷன் வாசலில் ஒரு போர்டு தொங்கியது. பூ, பவுடர், சென்ட் கூடாது. வரிசையைக் கவனியுங்கள். தப்பு செய்த சென்ட் கடைசி, ஒன்றுமே செய்யாத பூ முதல். செல்வராணி அக்கா போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலைய மீட்டுக் குடுத்துட்டு, பூவப் புடுங்கிட்டியேடே."

நான் போர்டில் இருந்த 'பூ'வை உள்ளங்கையால் மறைத்துக் காட்டினேன்.

அதற்கு ஒரு வழியை அவரே கண்டுபிடித்தார். அன்று சாயங்காலம் வேலை விட்டதும், கேட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்து நின்றார். சோற்று டப்பாவைத் திறந்தார். ஈரத்துணியில் சுற்றியிருந்த மல்லிகையை எடுத்து உதறி, ஊசியைப் பல்லில் கடித்து, தலையில் செருகிக்கொண்டார். மறுநாள் நாலு பேர். அந்த வாரக் கடைசியில் செக்கிங் மொத்தமும் கேட்டுக்கு வெளியே நின்றது. ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிட்டார்கள். "இன்னுங் கொஞ்சம் எறக்கி வையிடி", "உன்றது வாடிப்போச்சு, என்றதுல பாதி வெச்சுக்கோ" என்று கோவில்பட்டியும் கொங்கும் கலந்து இரைச்சல். கூட்டிப்போக வந்த புருஷன்மார் சைக்கிள் மணியை அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். பஸ் வந்து நின்றாலும் கண்டக்டர் விசில் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பகலெல்லாம் நூல் தூசியும் அயர்ன் ஆவியும் குடித்த எங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் பாரிஸையே தூக்கிச் சாப்பிட்ட வாசம். நானும் ஒன்றுமில்லாத வேலையை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். நான் இழைத்த தப்புக்கு இப்படியொரு பலன் வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் செல்வராணி அக்கா ஊரோடு போய்விட்டார். அந்தக் கம்பெனி கை மாறிவிட்டது. இப்போது அங்கே வேலை செய்கிற பெண்கள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். தலைமுடி தொப்பிக்குள் இருக்கிறது. வேலை விட்டதும் வேன் உள்ளேயே வந்து நிற்கிறது. ஏறியதும் கதவைச் சாத்தி நேராக ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்பதற்கு ஒருத்திக்கும் நேரமில்லை, காரணமும் இல்லை. முன்பெல்லாம் காலையில் வாட்ச்மேன் அந்த இடத்தைக் கூட்டினால் மல்லிகைக் காம்பும் வாழைநாரும் உடைந்த ஊசியுமாக ஒரு முறம் சேரும். இன்றைய வாட்ச்மேனுக்குக் கூட்ட நூல் பிசிறு மட்டும்தான் கிடைக்கிறது.