ஆத்தா வீட்டுக்கு ஒரு கட்டம்

என் மருமகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு கட்டம் போட்டாள். கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்கவும் மட்டும் தெரிந்த நான் அதைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம். அவள் அதைப் போட்டபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். அது போதும்.

தொண்ணூறுகளில் நடந்தது. நான் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, அங்கேயே கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமான கையோடு எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. என் நாத்தனார் வந்து, “மருமகள வேலைக்கு அனுப்பிட்டு நீ சோறு பொங்கப் போறியாக்கும்?” என்றாள். “அவ சம்பளத்து அரிசின்னா நான் பொங்குனா வேகாதா?” என்றேன்.

பிள்ளைக்குத் தடுப்பூசி நாள் வந்தால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து தாய்க்கு ஒரு தபால் கார்டு போகும். முன்பெல்லாம் பெரிய நர்சு கைப்பட எழுதுவார். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை மருமகளுக்கு வந்தது. மிஷினுக்குள் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கும். டெம்ப்ளேட் என்பாள். நடுநடுவே கட்டம் கட்டமாக வெறும் இடம் விட்டிருக்கும். தாயின் பெயர், ஊர், ஊசித் தேதி எல்லாம் அந்தந்த இடத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கார்டெல்லாம் ஒழுங்காகத்தான் போயின. பிள்ளைகள்தான் வரவில்லை. ஊசி போடும் புதன்கிழமைகளில் பெஞ்சு பாதி காலி. டாக்டரம்மா ஒருநாள் எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டார்: “நர்சு எழுதுனா வாராங்க, மிஷின் எழுதுனா வரமாட்டேங்காங்க. பொங்கல் வரைக்கும் பாக்கேன். பொறவு நர்சே எழுதட்டும். நீ வேற எடம் பாத்துக்கோம்மா.”

அப்போது புரட்டாசி. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. தட்டை எடுத்து வைத்தேன். எடுத்த மாதிரியே திரும்பக் கழுவி வைத்தேன்.

அடுத்த வாரம் தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி, ஊசி நாள் தப்பி வெகுநாள் கழித்துப் பிள்ளையோடு வந்திருக்கிறாள். டாக்டரம்மா சத்தம் போட்டிருக்கிறார், “கார்டு வரலியா ஒனக்கு?” என்று.

“வந்துச்சாம் டாக்டர், மாமியார் வீட்டுக்கு. நான் தளவாய்புரத்துல எங்க ஆத்தா வீட்டுலல்லா கெடக்கேன்.”

பிரசவத்துக்குச் சேர்க்கும்போது ஊர் விவரம் சொல்வது புருஷன். அவன் தன் வீட்டைச் சொல்வான். பிள்ளை பெற்றவளோ ஆத்தா வீட்டுக்குப் போய் மாசக்கணக்கில் இருப்பாள். பெரிய நர்சு, தாயை வீட்டுக்கு அனுப்பும்போது, “எங்கட்டி போற?” என்று கேட்டு அந்த ஊரைத்தான் எழுதியிருக்கிறார். மிஷின் அதைக் கேட்கவில்லை.

“அத்தை, அதுல ஆத்தா வீட்டுக்கு எடமே இல்ல” என்றாள் மருமகள், அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே.

“இல்லேன்னா போட வேண்டியதான?”

“மதுரையிலருந்து செஞ்சு குடுத்தவருதான் போடணும். அவரு இப்ப வரமாட்டாராம். நானே போட்டுருவேன். தப்பாப் போச்சுன்னா இருக்கறதும் அழிஞ்சிரும்.”

“டாக்டரம்மாட்ட கேட்டியா?”

“ஞாயித்துக்கெழம போட்டுப் பாருன்னாக. கெடுத்துட்டேன்னா, பொங்கல் வரைக்குங்கூட வரவேண்டாமாம்.”

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் மில் லீவு. நானும் கூடப் போனேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். உள்ளே ஏசி போட்டு மார்கழி மாதிரி குளிர். முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேலையாக, இருந்த டெம்ப்ளேட்டை ஒரு பிளாப்பியில் பத்திரமாக எடுத்து என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் விசைமேல் கை வைத்தாள். புதிதாக மூன்று இடம் போட்டாள். பெண்ணின் தகப்பன் பெயர், அவர் ஊர், எந்த மாசம் வரைக்கும் அங்கே இருப்பாள் என்பது.

“தகப்பன் பேரு எதுக்குட்டி?”

“அந்த ஊரு போஸ்ட்மேனுக்கு அவ புருஷனையா தெரியும்? இன்னார் மகள்னாத்தான தெரியும்!”

எனக்கு அவள் தலையைத் தொட்டுத் திருஷ்டி கழிக்க வேண்டும் போலிருந்தது.

“இப்ப நீங்கதான் பிள்ள பெத்தவ. எங்க இருக்கப் போறீக?” என்றாள், போட்டது சரியா என்று பார்க்க.

“இந்த வயசுலயா? ஒங்க மாமா கேட்டா ஊரவிட்டே ஓடிருவாக.”

“சொல்லுங்கத்தை!”

“தேவதானம்” என்று நான் பிறந்த ஊரைச் சொன்னேன். என்னைப் பெற்ற அய்யா பெயரையும் சொன்னேன்.

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஊர் வர வேண்டிய இடத்தில் ஊர் வரவில்லை, கட்டத்துக்கு இவள் வைத்த பெயரே வந்திருந்ததாம். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எதையோ தேடித் திருத்தினாள். இரண்டாவது கார்டில் ஊர் வந்தது, அய்யா பெயர் பாதியில் நின்றுவிட்டது என்றாள்.

“எங்க அய்யாவப் பாதிக்கு வெட்டிட்டியே!”

“எடம் குறுகலாப் போச்சு அத்தை. செத்த இருங்க.”

மூன்றாவது கார்டை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். அய்யா பெயர் முழுசாக, அவர் மகள், தேவதானம். ரேஷன் கார்டிலும் மில்லிலும் நான் இன்னாருடைய பெண்டாட்டி. அய்யாவின் மகள் என்று அச்சில் வந்தது அந்தக் கார்டில்தான்.

மறுநாளிலிருந்து, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாயிடமும் கேட்டுக் கேட்டு ஏற்றினாள். பெரிய நர்சும் கூட நின்று கேட்டுச் சொன்னார்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய சேலையோடே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சு ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. மம்சாபுரம், சேத்தூர் என்று எங்கெங்கோ இருந்து வந்திருந்தார்கள். எல்லாருடைய மடியிலும் பிள்ளை, கையில் கார்டு. உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் கேட்டது: “ஏம்மா, பொங்கல் கழிச்சு டிஸ்சார்ஜ் சீட்டையும் நீதான் மாத்திக் குடுக்கணும்.” பொங்கல் கழித்து என்றுதான் சொன்னார். என் காதில் நன்றாகவே விழுந்தது.

கூட்டம் இன்னும் வந்துகொண்டிருந்தது. சின்ன நர்சு ஒன்று என்னைப் பார்த்துக் கைகாட்டியது. “யம்மா, கைப்பிள்ள இல்லாதவுக எந்திரிச்சு எடங்குடுங்க. ஒங்க பிள்ள எங்க?”

“எம்பிள்ள உள்ள கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்திருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து இடம் விட்டேன்.